டிரஸ்டுக்குள் வராத வீடு

அமெரிக்காவில் தனிப்பெயரில் வீடு வைத்திருக்கும் ஒருவர் இறந்தால், அவர் உயில் எழுதி வைத்திருந்தாலும் வீடு உடனே வாரிசுகளின் கைக்கு வந்துவிடுவதில்லை. உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் ஏற்று, இறந்தவரின் கடன்கள் தீர்க்கப்பட்டு, எஞ்சியதைப் பங்கிட உத்தரவு கிடைக்கும் வரை வாரிசுகள் காத்திருக்க வேண்டும். சென்னைவாசிகள் நெடுங்காலமாகக் கேட்டுப் பழகிய ‘புரோபேட்’ என்னும் சொல்தான் அங்கும் இந்த நடைமுறைக்குப் பெயர். தமிழர்கள் பெருமளவில் வாழும் கலிபோர்னியாவில் இதற்கான வழக்கறிஞர் கட்டணத்தைச் சட்டமே வகுத்திருக்கிறது: சொத்து மதிப்பின் முதல் ஒரு லட்சம் டாலருக்கு 4 விழுக்காடு, அடுத்த ஒரு லட்சத்துக்கு 3 விழுக்காடு, அதற்கு மேல் எட்டு லட்சத்துக்கு 2 விழுக்காடு. பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு இது 23,000 டாலர் ஆகிறது. உயிலை நிறைவேற்றுபவரும் இதே தொகையைக் கோரலாம் என்பதால் மொத்தம் 46,000 டாலர் வரை போகக்கூடும். வீட்டின் மேல் ஏழு லட்சம் டாலர் வங்கிக் கடன் நிலுவையில் இருந்தாலும் கணக்கு முழு மதிப்பின் மீதுதான் போடப்படுகிறது. 2025 ஏப்ரல் முதல் 7,50,000 டாலருக்கு உட்பட்ட முதன்மைக் குடியிருப்புக்கு எளிய வழி ஒன்று திறக்கப்பட்டிருந்தாலும், அந்த மாநிலத்தின் பெருநகர்ப் பகுதிகளில் அந்த வரம்புக்குள் அடங்காத வீடுகள் ஏராளம்.

இந்தச் சுமையைத் தவிர்க்க அமெரிக்கக் குடும்பங்கள் நாடும் வழி, உயிரோடு இருக்கும்போதே அமைத்து, விரும்பும்போது மாற்றவோ கலைக்கவோ கூடிய டிரஸ்ட் ஆகும். தமிழில் டிரஸ்ட் என்றதும் நினைவுக்கு வரும் கோயில் அறக்கட்டளையோ கல்வி அறக்கட்டளையோ அல்ல இது. சொத்தை ஒப்படைப்பவர், அதை நிர்வகிக்கும் டிரஸ்டி, பயனை அடைபவர் ஆகிய மூன்று நிலைகளும் தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரே ஆளிடமோ கணவன் மனைவியிடமோ இருக்கும். அவர்கள் காலத்துக்குப் பின் ஆவணத்தில் குறிக்கப்பட்ட அடுத்த டிரஸ்டி பொறுப்பேற்று, நீதிமன்றம் செல்லாமலே வீட்டைப் பிள்ளைகளிடம் சேர்ப்பார். வழக்கறிஞரல்லாத நார்மன் டேசி என்பவர் 1965-இல் புரோபேட்டைத் தவிர்ப்பது எப்படி என்று விளக்கும் நூலொன்றை, நிரப்பிப் பயன்படுத்தும் படிவங்களோடு வெளியிட்டபோது இந்த முறை நடுத்தர வீடுகளுக்குள்ளும் பரவியது. வழக்கறிஞர் தொழிலை உரிமமின்றிச் செய்கிறார் என்று நியூயார்க் வழக்கறிஞர் சங்கமொன்று வழக்குத் தொடுக்க, 1967-இல் அந்த மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் டேசியின் பக்கமே தீர்ப்பளித்தது.

ஆனால் டிரஸ்ட் ஆவணத்தில் கையெழுத்திட்டுவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் மிகப் பலர். வருந்தத்தக்க சிக்கல்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. டிரஸ்ட் என்பது ஒரு பெட்டியைப் போன்றது. அதற்குள் வைக்கப்பட்ட பொருளை மட்டுமே அது காக்கும். நிலப் பதிவேட்டில் வீடு இன்னும் இறந்தவரின் சொந்தப் பெயரிலேயே நின்றால், ஆயிரக்கணக்கான டாலர் செலவிட்டு எழுதிய ஆவணம் அலமாரியில் இருக்க, வீடு மட்டும் புரோபேட்டுக்குப் போய்விடக்கூடும். கலிபோர்னியாவில் 1993-இல் வெளிவந்த ஹெக்ஸ்டாட் வழக்கின் தீர்ப்பு, உரிமையாளரே தன்னை டிரஸ்டியாக அறிவித்து, இன்ன சொத்து டிரஸ்டைச் சேர்ந்தது என்று எழுதி வைத்திருந்தால், தனிப் பத்திரம் இல்லாமலும் அது டிரஸ்டின் சொத்தாகும் என்று ஏற்றது. அதன் பிறகு வாரிசுகள் மனுப் போட்டு மீள முடிகிறதென்றாலும், அதற்கும் நீதிமன்றப் படியேற வேண்டும்; எல்லா மாநிலங்களிலும் இந்த வாய்ப்பு இருப்பதாகவும் கொள்ள முடியாது.

வீட்டைப் பெட்டிக்குள் வைப்பதற்குரிய கருவிகளுள் எளியதும் மலிவானதும் ‘குவிட்கிளெய்ம்’ பத்திரம். ‘கோரிக்கையை விட்டுவிடுதல்’ என்பது அதன் பொருள். இந்தச் சொத்தில் எழுதிக் கொடுப்பவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அது முழுவதும் பெறுபவரைச் சேரும், உரிமை ஏதும் இல்லையென்றால் ஒன்றும் சேராது என்பதுதான் அதன் சாரம். தமிழ்நாட்டில் அண்ணன் தம்பிகளும் உடன்பங்காளிகளும் தங்கள் பாகத்தை ஒருவருக்கு விட்டுக் கொடுக்க எழுதும் விடுதலைப் பத்திரம் இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் விடுதலைப் பத்திரம் பெரும்பாலும் கூட்டு உரிமையாளர்களிடையே எழுதப்படுவது, குவிட்கிளெய்ம் பத்திரத்தையோ யாரும் யாருக்கும் எழுதலாம். கிரயப் பத்திரத்தில் விற்பவர், சொத்தில் முன் வில்லங்கம் ஏதும் இல்லை, பின்னால் ஏதேனும் வந்தால் தாமே பொறுப்பு என்று உறுதி கூறுவார். அமெரிக்காவின் உத்தரவாதப் பத்திரமும் அப்படிப்பட்டதே. குவிட்கிளெய்ம் பத்திரம் அத்தகைய உறுதி எதையும் தருவதில்லை. விலை கொடுத்து வீடு வாங்குகிறவர் அதை ஏற்பது பெரும் அபாயம் என்றாலும், தனக்குத் தானே டிரஸ்டியாக இருப்பவருக்கு எழுதிக் கொடுக்கும்போது கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே என்பதால், உறுதிமொழிக்கு என்ன தேவை என்ற நியாயமான எண்ணத்தால்தான் இது பரவலாயிற்று.

பத்திரம் ஓரிரு பக்கமே இருக்கும் என்றாலும் அதில் எழுதப்படும் சொற்களுக்கு எடை அதிகம். கொடுப்பவரின் பெயர், அவர் வீட்டை வாங்கிய தாய்ப்பத்திரத்தில் எப்படி உள்ளதோ அப்படியே இருக்க வேண்டும். பெறுபவராக டிரஸ்டின் பெயரை மட்டும் எழுதிவிடக் கூடாது. இன்ன தேதியிட்ட இன்ன டிரஸ்டின் டிரஸ்டியாகிய இன்னார் என்று எழுதுவதே முறை, ஏனெனில் இவ்வகை டிரஸ்ட் ஒரு நிறுவனத்தைப் போலத் தனி ஆளன்று, சட்டப்படி சொத்தைத் தாங்குபவர் டிரஸ்டிதான். சொத்து விவரத்தில் தெரு முகவரி போதாது; மனை எண், வரைபட எண் அல்லது அளவுகளோடு கூடிய எல்லை விவரம் முந்தைய பத்திரத்திலிருந்து எழுத்துப் பிசகாமல் எடுத்து எழுதப்பட வேண்டும். பின்னர் நோட்டரி முன் கையெழுத்திட்டு, வீடு இருக்கும் கவுன்ட்டியின் பதிவகத்தில் பதிவு செய்ய வேண்டும். கலிபோர்னியாவில் இதனுடன் உரிமை மாற்றம் குறித்த முதற்கட்ட அறிக்கைப் படிவமும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. 1978-இல் மக்கள் வாக்கெடுப்பால் வந்த 13-ஆம் முன்மொழிவு சொத்து வரி மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயராமல் கட்டிவைத்திருக்க, உரிமை கைமாறினால் சந்தை விலைக்கு மறுமதிப்பீடு நடக்கும். கலைக்கக்கூடிய டிரஸ்டுக்குள் செல்லும் மாற்றம் அதிலிருந்து விலக்கு பெற்றது என்பதை அந்தப் படிவம்தான் அதிகாரிக்குச் சொல்கிறது.

குவிட்கிளெய்ம் பத்திரத்தின் மெய்யான பலவீனம் வெளியே தெரியாத ஓரிடத்தில், ‘டைட்டில் இன்சூரன்ஸ்’ என்னும் உரிமைக் காப்புறுதியில் இருக்கிறது. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துத் திருப்தியடையும் வழக்கத்துக்கு மேலாக, அமெரிக்காவில் வீடு வாங்குபவர், பிற்காலத்தில் பழைய உரிமைக் கோளாறு எதுவும் வெளிப்பட்டால் ஈடு செய்யும் காப்புறுதி ஒன்றை ஒருமுறை பணம் கட்டி வாங்கிவிடுகிறார். வீடு அவரிடம் இருக்கும் வரையிலும், அதை மாற்றிக் கொடுத்த பிறகு தாம் தந்த உத்தரவாதத்தால் அவருக்குப் பொறுப்பு எஞ்சியிருக்கும் வரையிலும் அந்தக் காப்பு நீடிக்கும். குவிட்கிளெய்மில் உத்தரவாதமே இல்லாததால், எழுதிக் கொடுத்த நொடியில் இரண்டு அடிப்படைகளும் அற்றுப்போகின்றன. புதிய உரிமையாளரான டிரஸ்டியோ காப்புறுதியில் பெயர் பெறாதவர். கோளாறு வெளிப்படும்போது, நீங்கள் எங்கள் காப்புறுதிதாரர் அல்லர் என்று நிறுவனம் கைவிரிக்க இது இடம் தருகிறது. மேரிலாந்தில் குடும்பமொன்று தன் சொத்தைத் தன்னுடைய சொந்த நிறுவனத்துக்கே மாற்றியபோது காப்புறுதி அறுந்துவிட்டது என்று 2000-இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்க நில உரிமைச் சங்கத்தின் 2006-ஆம் ஆண்டு மாதிரிப் படிவம், சொத்துத் திட்டமிடலுக்காகக் காப்புறுதிதாரரே அமைத்த டிரஸ்டின் டிரஸ்டியையும் காப்புறுதிதாரராகச் சேர்த்துக் கொண்டதால், அந்தப் படிவத்தில் வாங்கியவர்களுக்கு இந்த அச்சம் பெருமளவு நீங்கிவிட்டது. அதற்கு முந்தைய காப்புறுதி வைத்திருப்பவர்கள், நிறுவனத்திடம் டிரஸ்டியின் பெயரைச் சேர்க்கும் இணைப்பைக் கேட்டு வாங்கலாம். அல்லது குவிட்கிளெய்முக்குப் பதிலாக உத்தரவாதப் பத்திரமோ, கலிபோர்னியாவில் வழங்கும் ‘கிராண்ட்’ பத்திரமோ எழுதலாம். செலவில் பெரிய வேறுபாடு இல்லாத இந்த மாற்றுவழியே பெரும்பாலோருக்கு ஏற்றது.

வங்கிக் கடன் பற்றிய அச்சம் இதைவிடக் குறைவானதே. வீடு கைமாறினால் முழுக் கடனையும் உடனே கேட்கலாம் என்ற விதி கடன் பத்திரங்களில் இருந்தாலும், ஐந்துக்குக் குறைவான குடியிருப்புகள் கொண்ட வீட்டைக் கடனாளி தாமே பயனாளியாகத் தொடரும் டிரஸ்டுக்கு மாற்றி, குடியிருக்கும் உரிமையையும் பிறருக்கு மாற்றாதபோது, 1982-ஆம் ஆண்டின் கார்ன் – செயின்ட் ஜெர்மெய்ன் சட்டம் வங்கியின் கையைக் கட்டுகிறது. வருமான வரியிலும் வீடு அவருடையதாகவே கருதப்படுகிறது. விற்கும்போது தனியொருவருக்கு 2,50,000 டாலர், தம்பதிக்கு 5,00,000 டாலர் வரை கிடைக்கும் ஆதாய விலக்கு போய்விடுவதில்லை. அதே காரணத்தால், கடன்காரரிடமிருந்து வீட்டைக் காக்கும் அரணாகவும் இந்த டிரஸ்ட் ஆகாது. அப்படிச் சொல்லி விற்கப்படும் படிவங்களை நம்பக் கூடாது.

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுவதையும் கவனிக்க வேண்டும். புளோரிடாவில் குடியிருப்பு வீட்டை மாற்ற, பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும் கணவனோ மனைவியோ சேர்ந்து கையெழுத்திட வேண்டும். டெக்சாஸில் உரிமைச் சங்கிலியில் குவிட்கிளெய்ம் தென்பட்டாலே காப்புறுதி நிறுவனங்கள் தயங்குவதால், அங்கு அதைத் தவிர்ப்பதே வழக்கம். மேலும் நிலம் எங்கிருக்கிறதோ அந்த ஊர்ச் சட்டமே அதை ஆளும் என்பதால், நியூஜெர்சியில் வாழும் ஒருவர் தாம்பரத்தில் உள்ள தம் மனையை அமெரிக்கக் குவிட்கிளெய்ம் பத்திரத்தால் டிரஸ்டுக்கு மாற்றிவிட முடியாது. அதற்கு 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி இங்குள்ள சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டிப் பதிவு செய்த பத்திரமே வேண்டும்.

ஒருமுறை டிரஸ்டுக்குள் வந்த வீடு வெளியேறிவிடுவதும் உண்டு. வட்டி குறையும்போது கடனை மறுபடி எடுக்கப் போனால், கடன் தரும் நிறுவனம் வீட்டைத் தனிப்பெயருக்கு மாற்றித் தரச் சொல்வது வழக்கமாக நடக்கிறது. கடன் கைக்கு வந்தபின் மீண்டும் டிரஸ்டுக்கு எழுதிவைக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே, டிரஸ்ட் வைத்திருக்கும் குடும்பங்கள் கவுன்ட்டி பதிவகத்திலிருந்து தம் வீட்டுக்குக் கடைசியாகப் பதிவான பத்திரத்தின் நகலைப் பெற்று, அதில் யார் பெயர் இருக்கிறது என்பதைத் தாமதமின்றிப் பார்த்துவிட வேண்டும்.