மாணவரே நடத்தும் ஆய்விதழ்க் கழகம்

இலண்டனில் புனித பார்த்தலோமியோ மருத்துவமனையின் வாயிலுக்கு அருகே, ரொட்டிக் கடை ஒன்றின் மேல்மாடியில், ஒரு சிறு அறை இருந்தது. மருத்துவ இதழ்களை அமர்ந்து படிப்பதற்காகச் சிலர் அங்கே ஒன்றுகூடினர். மாலை வேளைகளில் சிலர் சீட்டு ஆடியதும் உண்டு. 1835-ஆம் ஆண்டை ஒட்டிய அக்காலத்தைப் பற்றி அறுவை மருத்துவ அறிஞர் ஜேம்ஸ் பேஜெட் தம் நினைவுக் குறிப்புகளில் கூறியுள்ளார். பின்னர் 1875-இல், கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில், மக்கில் பல்கலைக் கழக ஆசிரியராயிருந்த வில்லியம் ஆஸ்லர், தனியொருவரால் வாங்க இயலாத விலையுயர்ந்த இதழ்களைப் பலர் பணம் சேர்த்து வாங்கிப் படிக்க ஒரு கழகம் அமைத்தார். நம் மருத்துவக் கல்லூரிகளில் ‘ஜர்னல் கிளப்’ என்று வழங்கும் ஆய்விதழ்க் கழகத்தின் தொடக்கம் இவையே.

அக்காலத்தில் இதழ் கிடைப்பது அரிதாக இருந்தது. இன்றோ நிலைமை தலைகீழ். ஆய்வுக் கட்டுரைகள் பெருந்தொகையாக வெளிவருகின்றன. அவற்றுள் பல கட்டணமின்றியே கைக்கு எட்டுகின்றன. எதை நம்புவது, எதை ஒதுக்குவது என்பதே இப்போதைய இடர்ப்பாடு. அதனைத் தீர்க்கும் திறன் பாடநூலைப் படிப்பதால் மட்டும் வருவதன்று.

நம் நாட்டில் மருத்துவப் பட்ட மேற்படிப்பு மாணவர்க்கு ஆய்விதழ்க் கழகம் பயிற்சியின் ஒரு பகுதியாக உள்ளது. இளநிலை மாணவர் பெரும்பாலும் அதன் வாயிலைக் கூட எட்டிப் பார்ப்பதில்லை. 2019-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத் திட்டம், இந்திய மருத்துவப் பட்டதாரிக்குரிய ஐந்து கடமை நிலைகளுள் ‘வாழ்நாள் முழுவதும் கற்பவர்’ என்பதையும் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆயினும், எவ்வாறு கற்பது என்பதை ஐந்தாண்டுக் காலத்தில் பழக்காமல் விட்டால் அச்சொல் ஏட்டளவிலேயே நிற்கும். மேற்படிப்புக்குச் செல்லாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியேற்கும் இளைஞருக்கு அருகில் நூலகம் இராது. ஐயம் கேட்க மூத்த மருத்துவரும் இருக்கமாட்டார். மருந்து நிறுவனத்தின் பிரதிநிதி மட்டும் தவறாமல் வருவார்.

அவர் ஒரு வண்ணத் தாளை மேசைமேல் விரித்து, “இம்மருந்து மரணத்தைப் பாதியாகக் குறைக்கிறது” என்கிறார் என வைத்துக்கொள்வோம். பழைய மருந்தை உண்ட நூறு பேரில் இருவரும், புதியதை உண்ட நூறு பேரில் ஒருவரும் இறந்திருந்தாலும் ‘பாதி’ என்று கூறலாம். நூறு பேருக்கு அம்மருந்தைக் கொடுத்தால் ஓர் உயிர் மிஞ்சும் என்பதே அதன் உண்மைப் பொருள். விலை பத்து மடங்கு எனின், ஏழை நோயாளியிடம் அதை எழுதித் தருவதா, வேண்டாமா? இவ்வினாவை முதன்முதலாக மருத்துவர் நாற்காலியில் அமர்ந்த பின்னர்ச் சந்திப்பதைவிட, மாணவப் பருவத்திலேயே நண்பர்களோடு வாதிட்டுப் பழகியிருத்தல் நன்று.

கழகம் அமைப்பதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. எட்டு முதல் பன்னிரண்டு மாணவர் போதும். இதற்கு மேற்பட்டால் பாதிப் பேர் வாய் திறவார். இரு வாரங்களுக்கு ஒரு முறை, ஒரு மணி நேரத்திற்கு மிகாமல் கூடலாம். சமூக மருத்துவமும் புள்ளியியலின் தொடக்கமும் ஓரளவு படித்தவர், அவ்வாண்டில் புதிதாகச் சேர்ந்தவர் ஆகிய இரு திறத்தாரும் கலந்திருப்பது நலம். ஒருவர் கட்டுரையை எடுத்துரைப்பார். மற்றொருவர் எண்களை மட்டும் சரிபார்ப்பார். மூன்றாமவர் தலைமை தாங்கி, பேசாதவரைப் பேசவும், மிகுதியாகப் பேசுவோரை நிறுத்தவும் செய்வார். இப்பொறுப்புகள் கூட்டந்தோறும் கைம்மாற வேண்டும். கட்டுரையை ஒரு வாரம் முன்னதாகவே அனைவருக்கும் அளித்துவிடல் இன்றியமையாதது. படிக்காமல் வந்தவர்களுக்கு ஒருவர் படங்காட்டி ஒப்பிக்கும் கூட்டம் இன்னொரு வகுப்பேயன்றிக் கழகம் ஆகாது.

எந்தக் கட்டுரையை முதலில் எடுப்பது? அண்மையில் வெளிவந்த, மிகச் சிக்கலான ஒன்றை எடுத்துக்கொண்டு மூச்சுத் திணறுவது பல குழுக்களின் வழக்கம். அதைவிட, மாணவர் வார்டில் கண்ட நோயைப் பற்றிய, தெளிவான வினாவையுடைய பழைய கட்டுரையே உகந்தது. எம் கருத்தில், 1959-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான சென்னைக் காசநோய் ஆய்வுக்கு இணையான தொடக்கப் பாடம் வேறொன்றில்லை. 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் வேதிமருந்துச் சிகிச்சை மையம் அதை நடத்தியது. அம்மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது.

அந்த ஆய்வின் வினா எளியது. நுரையீரல் காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்தே மருத்துவம் செய்ய வேண்டுமா, வீட்டிலிருந்தபடியே மருந்து கொடுத்தால் போதுமா? நல்ல உணவும் ஓய்வும் தூய காற்றுமே காசநோய்க்கு மருந்து என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. நாட்டிலிருந்த நோயாளிகள் அனைவருக்கும் படுக்கை அமைப்பது கனவிலும் கூடாத காரியம். ஆகவே நகரின் வறிய மக்களுள் நோயுற்ற 193 பேரை, யாருடைய விருப்பத்திற்கும் இடமின்றித் தற்செயல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, இரு பிரிவினருக்கும் ஓராண்டுக் காலம் ஐசோநையாசிடும் பாஸ் மருந்தும் கொடுத்தனர். வீட்டிலிருந்தோர் குறைந்த உணவுண்டு, நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்து, வேலையும் செய்தனர். எனினும், ஆண்டிறுதியில் நோய் அடங்கியோர் வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86 ஆகவும், சானடோரியப் பிரிவில் நூற்றுக்கு 92 ஆகவும் இருந்தனர்.

இங்கேதான் மாணவரின் வேலை தொடங்குகிறது. “92 என்பது 86-ஐ விடப் பெரிதல்லவா? சானடோரியமே மேல்” என்று முதலாமாண்டு மாணவர் ஒருவர் சொல்லக்கூடும். அவரை அடக்கிவிடாமல் கணக்கிடச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் நூறு பேருக்கும் குறைவாகவே இருந்தமையால், ஆறு விழுக்காட்டு வேறுபாடு தற்செயலாகவே தோன்றியிருக்கலாம் என்பது விளங்கும். உடனே வேறொருவர், “அப்படியானால் இரண்டும் சமம் என்று நிறுவப்பட்டதா?” என்பார். அதுவும் இல்லை. வேறுபாடு நிறுவப்படவில்லை என்பது வேறு. வேறுபாடே இல்லை என்பது வேறு. இந்த நுட்பத்தை விரிவுரையில் பத்து முறை கேட்டவரும் மறப்பர். தாமே வாதிட்டுக் கண்டவர் மறவார். பின்னர், இடையில் சிகிச்சையை விட்டகன்றோர் எத்தனை பேர் என்று தேடினால், தாமாகவே வெளியேறும் போக்கு சானடோரியத்தில்தான் மிகுதி என்பது தெரியவரும். குடும்பத்தைப் பிரிந்து ஓராண்டு கிடப்பது எளிதா? வீட்டாருக்கு நோய் தொற்றாதா என்ற கேள்வியும் எழாமற் போகாது. தொற்றும் அபாயம் பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்னரே என்பதே ஆய்வாளர் கண்டது. அதே நோயாளிகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த அறிக்கை 1966-இல் வெளிவந்தது. அதனை அடுத்த கூட்டத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.

இத்தகைய கூட்டத்திற்குச் சுகாதார ஆய்வாளரையும் கிராமச் செவிலியரையும் அழைப்பது பெரும்பயன் தரும். நோயாளி மருந்தை உண்மையில் விழுங்குகிறாரா, பெட்டியில் பூட்டி வைக்கிறாரா என்பதைப் பேராசிரியரைவிட அவர்களே நன்கறிவர். ‘மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்பட்டது’ என்ற வரியை அவர்கள் படிக்கும் விதமே தனி.

புகழ்பெற்ற இதழில் வந்ததனால் மட்டும் ஒரு கட்டுரை மெய்யாகிவிடாது என்பதற்கும் சான்று காட்ட வேண்டும். கோவிட் பெருந்தொற்றின்போது, 2020 மே மாதத்தில், 671 மருத்துவமனைகளின் சுமார் 96,000 நோயாளிகளைப் பற்றியது என்று கூறிக்கொண்டு ஹைட்ராக்சிகுளோரோகுயின் குறித்த கட்டுரை ஒன்று ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. எண்கள் பொருந்தவில்லை எனப் பல நாட்டு வாசகர் கேள்வி எழுப்பினர். அடிப்படைத் தரவைக் காட்ட இயலாமற் போகவே, ஜூன் 4-ஆம் நாளே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இரு வாரத்திற்குள் அதை வீழ்த்தியவை, ஒரு நல்ல கழகத்தில் எழும் கேள்விகளைப் போன்றவையே.

ஆசிரியருக்கு இங்கு இடம் உண்டா? உண்டு; பின் வரிசையில். கட்டுரைத் தேர்வில் துணை செய்தல், புள்ளியியலில் வழி தவறினால் திருத்துதல் ஆகியவை அவர் பணி. மாணவர் தடுமாறிய உடனே விடையைச் சொல்லிவிடும் ஆசிரியர், எவ்வளவு நல்லெண்ணம் உடையவராயினும், கழகத்தைத் தம் வகுப்பாக்கிவிடுகிறார். வருகைப் பதிவு, மதிப்பெண் ஆகியவற்றை இதனுள் புகுத்துவதும் கூடாது. மதிப்பெண் வந்தால் மாணவர் தமக்குத் தெரியாததை மறைப்பர். தெரியாததை வெளிப்படையாகக் கேட்பதற்கன்றோ இக்கூட்டம்!

மொழியைப் பற்றியும் ஒரு சொல். கட்டுரைகள் ஆங்கிலத்தில் உள்ளன. தாய்மொழி வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்தவர், பொருள் விளங்கியும் பேச அஞ்சி ஒதுங்குவர். விவாதத்தைத் தமிழிலோ, இந்தியிலோ, அவரவர் மொழியிலோ நடத்தத் தடையேதும் இல்லை. ‘தற்செயல் ஒதுக்கீடு’ என்பதைத் தம் பாட்டிக்கு விளங்குமாறு சொல்ல வல்லவருக்கே அது விளங்கியிருக்கிறது எனலாம்.

இக்கழகங்கள் மடிவது பெரும்பாலும் இரு காரணங்களால். ஒன்று தேர்வுக் காலம். அப்போது கூட்டத்தை நிறுத்திவிட்டு, மீண்டும் தொடங்கும் தேதியை முன்னரே குறித்து வைப்பதே தக்கது. மற்றொன்று, தொடங்கியவர்கள் படித்து முடித்து வெளியேறுவது. ஆகையால் இறுதியாண்டு மாணவர் செயலாளராக இருத்தலாகாது. இடையாண்டு மாணவர் இருவர் அப்பொறுப்பை ஏற்கட்டும். படித்த கட்டுரை, எழுந்த கேள்விகள், விடை காணாமல் விட்டவை ஆகியவற்றை ஒரு தடித்த நோட்டில் எழுதிவைத்து, ஆண்டுதோறும் அடுத்த செயலாளர்களிடம் ஒப்படைக்க வேண்டும். விடை காணாத கேள்விகளுள் ஒன்றிரண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் இளநிலை மாணவர்க்கு அளித்துவரும் குறுகிய கால ஆய்வு உதவித் திட்டத்திற்கு ஏற்ற பொருளாகவும் அமையக்கூடும். விண்ணப்பம் எழுதுவோர் முதலில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.