ஜப்பானுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

சென்னையின் பாடி, அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆட்களுக்கு ஜப்பான் புதிதல்ல. தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை 1998-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக வாங்கியது பாடி சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு. வேலையைச் சிறுகச் சிறுக மேம்படுத்தும் கைசன், பணியிடத்தை ஒழுங்காக வைக்கும் 5எஸ் என்ற ஜப்பானிய முறைகள் இங்கே ஷிஃப்ட் முடிந்து வருபவர்களின் டீக்கடைப் பேச்சு. பயிற்சிக்காக ஜப்பான் போகும் பிள்ளைகளுக்கு நான் மொழி சொல்லித்தருகிறேன். இலக்கணம் கொஞ்சம் தப்பினால் அங்கே பொறுத்துக்கொள்வார்கள். அதனால் பழக்கவழக்கங்களுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குகிறேன்.

முதலில் விசிட்டிங் கார்டு. எதிரில் இருப்பவர் படிக்கும் பக்கமாகத் திருப்பி, இரண்டு கையாலும் பிடித்து, லேசாகக் குனிந்து கொடுக்க வேண்டும். அவர் தரும் கார்டை வாங்கியதும் நின்று படிக்க வேண்டும். பேசி முடிக்கும்வரை அது மேசைமேல் இருக்கட்டும். பேன்ட்டின் பின்பாக்கெட்டில் செருகினாலோ, அதன்மேல் எதையாவது கிறுக்கினாலோ அவரையே அவமதித்த மாதிரி.

சாப்பாட்டில் இன்னும் கவனம் தேவை. சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது; இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நிறுத்துவார்கள். உங்கள் குச்சியால் எடுத்ததை அடுத்தவர் குச்சியில் கொடுக்கவும் கூடாது. தகனம் முடிந்ததும் உறவினர்கள் எலும்புகளை அப்படித்தான் குச்சிக்குக் குச்சி கைமாற்றிக் கலசத்தில் சேர்க்கிறார்கள். சுடுகாட்டில் எலும்பு பொறுக்கிப் பானையில் எடுத்துவரும் நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். வகுப்பில் சொன்ன மாத்திரத்தில் பிள்ளைகள் குச்சியைக் கீழே வைத்துவிடுவார்கள். நூடுல்ஸை மட்டும் சத்தமாக உறிஞ்சலாம், தப்பில்லை.

வாசலில் செருப்பைக் கழற்ற நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் கழிவறைக்கென்று தனிச் செருப்பு வைத்திருப்பார்கள். அதோடு கூடத்துக்கு வந்துவிடாதீர்கள். தத்தாமி பாய் போட்ட அறையில் எந்தச் செருப்பும் ஆகாது. ரயிலில் போன் பேசுவதில்லை. தெருவில் குப்பைத்தொட்டி அபூர்வம். குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவர வேண்டும். ஹோட்டலில் டிப்ஸ் கிடையாது.

“எதுக்கும்மா இப்படிக் குனியணும்?” என்று கேட்கும் அப்பாக்கள் உண்டு. குனிந்தால் குறைந்துபோவோம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே வாடிக்கையாளர் நமக்குக் குனிகிறார், நாமும் அவருக்குக் குனிகிறோம். இரண்டு பக்கமும் இருக்கும் மரியாதையில் யாருக்கும் இழுக்கில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அங்கே வீட்டில் மட்டுமல்ல, பல உணவகங்களிலும் ஷூவைக் கழற்ற வேண்டியிருக்கும். பெட்டியில் ஊறுகாய் வைக்கும்போது, ஓட்டையில்லாத சாக்ஸும் நாலு ஜோடி வையுங்கள்.