மைக் வாங்கும் முன் மின்விசிறியை நிறுத்துங்க! வீட்டிலேயே வாத்திய இசையைப் பதிவு செய்ய எளிய வழி

சென்னை: கல்யாண வீட்டு நாதஸ்வரம் ஆகட்டும், திருவிழா பறை ஆகட்டும், லைட் மியூசிக் கீபோர்டு ஆகட்டும்... ஆள் புக் பண்ண வருபவர்கள் இப்போது முதலில் கேட்பது, "வாசிச்சதை வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்பதுதான்.

செல்போனில் பதிவு செய்தால் தவில் சத்தம் தகர டப்பா மாதிரி கேட்கிறது. ஸ்டூடியோவுக்குப் போனால் மணிக்கணக்கில் வாடகை. முகூர்த்தம் இல்லாத மார்கழியில் கைமாற்று வாங்கி, ரிச்சி தெருவில் பெரிய மைக்காகப் பார்த்து வாங்கி வந்து கம்ப்யூட்டரில் சொருகினால்... சத்தமே வராது! எங்கே தப்பு?

48 வோல்ட் சமாசாரம்

மைக்கில் முக்கியமாக 2 ரகம் உண்டு. மேடையில் பாடகர் கையில் பிடிப்பது பெரும்பாலும் 'டைனமிக்' மைக். இதற்கு மின்சாரம் தேவையில்லை, அடி தாங்கும். பறை, தவில், நாதஸ்வரம் போன்ற சத்தமான வாத்தியங்களுக்கு இதுவே போதும். 1965-ல் வந்த ஷூர் எஸ்.எம்.57 மைக் இந்த ரகம்தான்.

இன்னொன்று 'கண்டென்சர்' மைக். மெல்லிய ஓசையையும் விடாமல் பிடிக்கும். வீணை, புல்லாங்குழல், கிட்டாருக்கு ஏற்றது. ஆனால் ஸ்டூடியோ ரக கண்டென்சர் மைக்குக்கு கேபிள் வழியாக 48 வோல்ட் மின்சாரம் போக வேண்டும். கம்ப்யூட்டரின் சின்ன மைக் ஓட்டையில் அது கிடையாது.

அதைக் கொடுப்பதுதான் 'ஆடியோ இன்டர்பேஸ்' என்ற குட்டிப் பெட்டி. மைக் ஒரு பக்கம், யு.எஸ்.பி. வயர் மறுபக்கம். பெட்டி வாங்க வசதி இல்லை என்றால், நேராக சொருகும் யு.எஸ்.பி. மைக்கே ஆரம்பத்துக்குப் போதும். கீபோர்டு வாசிப்பவருக்கு மைக்கே வேண்டாம். பின்பக்கம் உள்ள 'லைன் அவுட்' வயரை இன்டர்பேஸில் கொடுத்தால் தெருச் சத்தம் எதுவும் உள்ளே வராது.

முட்டை அட்டை உதவாது

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் வெளிச் சத்தம் வராது என்று பலர் நம்புகிறார்கள். அது தப்பு. ஆட்டோ ஹாரனும் குக்கர் விசிலும் தாராளமாக உள்ளே வரும். தீப்பிடித்தாலும் ஆபத்து. அறையின் எதிரொலியைக் குறைக்க கனமான கம்பளியைத் தொங்க விட்டு, மெத்தையை சுவரில் சாய்த்து, துணி பீரோவைத் திறந்து வைத்தாலே நல்ல பலன் கிடைக்கும். மின்விசிறி, பிரிட்ஜ் இரண்டையும் நிறுத்த வேண்டும். முடிந்ததும் பிரிட்ஜைப் போட மறந்துவிடாதீர்கள்!

மைக் எங்கே?

நாதஸ்வரத்தின் அணசுக்கு நேராக மைக்கை வைத்தால் காது கிழியும். விரல் துளைகளில் இருந்தும் ஓசை வருவதால், 2, 3 அடி தள்ளி சற்று பக்கவாட்டில் வைக்க வேண்டும். கிட்டாருக்கு 12-வது கட்டைக்கு எதிரே ஒரு சாண் தூரம். மிருதங்கம், தவிலுக்கு 2 பக்கமும் ஒவ்வொரு மைக் வைத்தால் நல்லது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் எதிரே கொஞ்சம் உயரத்தில் நிறுத்தலாம்.

தோல் பறை என்றால் வயர், மைக் எல்லாம் தயார் செய்த பிறகே காய்ச்ச வேண்டும். சூடு ஆறினால் சுருதி இறங்கிவிடும்.

சாப்ட்வேர் இலவசம்

2000-ம் ஆண்டு வெளிவந்த 'ஆடாசிட்டி' இன்றும் இலவசம். ஆப்பிள் கம்ப்யூட்டர், ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 'கராஜ்பேண்ட்' காசில்லாமல் கிடைக்கிறது. 'ரீப்பர்' சாப்ட்வேரை 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம். ஆகவே, திருட்டு சாப்ட்வேரை ஏற்றி வைரஸை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

ஒலி அளவு காட்டும் கோடு சிவப்பைத் தொடவே கூடாது. தொட்டால் ஓசை கிழிந்துவிடும், பிறகு சரி செய்வது கஷ்டம். பலமாக அடிக்கும் இடத்திலும் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி முன்பே குறைத்து வைக்க வேண்டும்.

ஏற்கனவே பதிவு செய்த தாளத்தின் மேல் வாசிக்கும்போது ஸ்பீக்கர் கூடாது, ஹெட்போன்தான் மாட்ட வேண்டும். வாசிப்பது காதில் தாமதமாகக் கேட்டால் இன்டர்பேஸில் உள்ள 'டைரக்ட் மானிட்டர்' பட்டனை அழுத்தினால் போதும். முடித்ததை 'வேவ்' பைலாக சேமித்து, வாட்ஸ்அப்பில் 'டாகுமெண்ட்' ஆக அனுப்பினால் தரம் குறையாது.

காசில்லா சோதனை

கடைக்குக் கிளம்பும் முன், வாசிக்கப் போகும் அறையில் செல்போனை வைத்து, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். அதில் கேட்கும் இரைச்சல் எல்லாம் விலை உயர்ந்த மைக்கில் இன்னும் தெளிவாகக் கேட்கும். முதலில் அதைக் குறைத்துவிட்டு, அப்புறம் பர்சைத் திறந்தால் கைமாற்று வாங்கிய காசு வீணாகாது.