மூட்டையில் வரும் கடல்

திருப்பூரில் அடர் கறுப்போ கருநீலமோ ஏற்றும் சாயப்பட்டறையில், சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்துக்குள் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவது சாதாரணம். நீரில் நனைந்த பருத்தி நூலும் சாயத் துகளும் இரண்டுமே எதிர்மின் தன்மை கொண்டவை, ஒன்றை ஒன்று விலக்கும். அந்த விலக்கத்தை அடக்கி, சாயத்தை நூலோடு சேர்த்து வைப்பது உப்பு. கடலில் இருப்பதோ லிட்டருக்கு 35 கிராம்தான். கடலைவிட இரண்டு மடங்கு கரிக்கும் நீரில் ஊறித்தான் நம் டி-சர்ட் நிறம் பிடிக்கிறது.

சாயம் சேர்க்காத அந்த உப்பு நீரைப் பாதியாக நீர்க்கச் செய்து, சரியாக 35 கிராமுக்குக் கொண்டுவந்து, அதில் ஒரு கோமாளி மீனை விட்டால் பிழைக்குமா? பிழைக்காது. உப்பின் அளவு கடலுக்குச் சமம், ஆனால் அது கடல் இல்லை. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்கிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அமராவதி நகர் திருப்பூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. அணை, 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளி, முதலைப் பண்ணை, வறுத்த அணை மீன் என்று ஊருக்கு அடையாளங்கள் உண்டு. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடல் தொலைவு. இங்கே ஒருவர் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்பட்டால், கடல் அவருக்கு மூட்டையில்தான் வரும்: ரெட் சீ, இன்ஸ்டன்ட் ஓஷன் போன்ற பெயர்களில் விற்கும் செயற்கைக் கடலுப்புக் கலவை. விலையைப் பார்த்ததும் எவருக்கும் எழும் கேள்வி, தூத்துக்குடி கல் உப்பும் கடலிலிருந்து வந்ததுதானே, அதையே கரைத்தால் என்ன என்பது.

நியாயமான கேள்வி. பதில் உப்பளத்துப் பாத்திகளில் இருக்கிறது. கடல்நீர் வெயிலில் வற்றும்போது எல்லா உப்பும் ஒன்றாகப் படிவதில்லை. 1849இல் உசிலியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல்நீரைப் படிப்படியாக வற்றவைத்து, எது எப்போது படிகிறது என்று அளந்தார். முதலில் சுண்ணாம்புக் கார்பனேட் இறங்குகிறது. நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்கானபோதுதான் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு கட்டுகிறது. உப்பளத்தில் அடர்த்திமானியை மிதக்கவிட்டு 'டிகிரி' பார்ப்பது இதற்காகத்தான். பாமே அளவில் மூன்று மூன்றரை டிகிரியில் உள்ளே வரும் கடல்நீரை 25 டிகிரி வரை ஏற்றிய பிறகே உப்புப் பாத்திக்குத் திருப்புகிறார்கள். உப்பை வாரியபின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம், பொட்டாசியம், புரோமைடு எல்லாம் தங்கிவிடுகின்றன. ஆக, கல் உப்பு நம் கைக்கு வருவதற்குள் சுண்ணாம்பு முன்னதாகவே ஒரு பாத்தியில் பிரிந்துவிட்டது, மக்னீசியம் பின்னால் தனியாகப் போய்விட்டது. மறுபடி எவ்வளவு நீர் ஊற்றினாலும் போனது திரும்பாது. நல்ல உப்பளக்காரர் கடலிலிருந்து கடலை எவ்வளவு சுத்தமாகப் பிரித்தெடுக்கிறாரோ, அவ்வளவுக்கு அந்த உப்பு மீன் தொட்டிக்கு ஆகாது.

கடல்நீரின் 35 கிராமில் சுமார் 27 கிராம் மட்டுமே சோடியம் குளோரைடு. மீதி எட்டு கிராமில் சல்பேட், 1.3 கிராம் அளவுக்கு மக்னீசியம், தலா 0.4 கிராம் கால்சியமும் பொட்டாசியமும், இன்னும் சில்லறையாகப் பல. இதில் வியப்பு, இந்த விகிதம் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றேதான். 1819இலேயே மார்செட் என்ற வேதியியலாளர் இதைச் சொன்னார். சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை கடல்களைச் சுற்றிக் கொண்டுவந்த 77 மாதிரிகளைச் சோதித்து 1884இல் வேதியியலாளர் டிட்மார் உறுதி செய்தார். மழை பெய்யும் இடத்தில் கடல் கொஞ்சம் நீர்க்கும், வெயில் காயும் இடத்தில் கொஞ்சம் கரிக்கும். உப்புகளுக்குள் உள்ள பங்கு மட்டும் மாறாது. மாறியிருந்தால், ஒரே மூட்டையை வைத்துச் செங்கடல் மீனையும் மன்னார் வளைகுடா மீனையும் வளர்க்க முடியாது.

மூட்டையின் முன்னோடி 1854இல் லண்டனில் பிறந்தது. இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ், கடல் உயிர்களைக் கடற்கரையிலிருந்து தொலைவில் வளர்க்க, சமையல் உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு நான்கையும் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்தார். கால்சியத்தை, அளவு சொற்பம் என்று விட்டுவிட்டார். ஆனாலும் உயிர்கள் பிழைத்தன. லண்டன் குழாய் நீர் சுண்ணாம்பு மிகுந்தது, அது கைகொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஏனென்றால் சுமார் முப்பது ஆண்டு கழித்து அதே ஊர்க் குழாய் நீர் இன்னொரு விஞ்ஞானியையும் ஏமாற்றியது. தவளையின் இதயம் உப்பு நீரில் வெகுநேரம் துடிப்பதைக் கண்டு சிட்னி ரிங்கர் மகிழ்ந்தார். உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய் நீரில் கலந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. வடித்த நீரில் கலந்தபோது இதயம் நின்றது. குழாய் நீரில் இருந்த துளி கால்சியம்தான் அதை ஓட்டியிருக்கிறது.

மீன் விஷயத்திலும் இப்படித்தான். கடல்மீனின் ரத்தம் கடலைப்போல் மூன்றில் ஒரு பங்குதான் கரிக்கும். அதனால் உடம்பு நீர் ஓயாமல் வெளியே கசிகிறது. ஈடுகட்ட மீன் கடலைக் குடிக்கிறது, குடித்த சோடியத்தையும் குளோரைடையும் செவுள் வழியே தள்ளுகிறது, மக்னீசியத்தையும் சல்பேட்டையும் சிறுநீரகத்திடம் விடுகிறது. செவுளின் செல்களை இடைவெளியின்றி இறுக்கிப் பிடிப்பதில் கால்சியத்துக்குப் பங்குண்டு. அமராவதி அணையில் வலையில் விழும் ஜிலேபிக் கெண்டை இந்த வேலையை இரு பக்கமும் செய்யத் தெரிந்த மீன். ஆப்பிரிக்காவிலிருந்து 1952இல் இந்தியாவுக்கு வந்தது, மெல்லப் பழக்கினால் கடல்நீரிலும் வாழும். கோமாளி மீனுக்கு அந்தத் திறமை கிடையாது.

சரி, மூட்டை வாங்கியாயிற்று. எதில் கரைப்பது? கொங்குப் பகுதியில் தண்ணீருக்கு நல்ல தண்ணி, சப்பைத் தண்ணி என்று இரண்டு சாதி. பாறையைத் துளைத்து வரும் போர் தண்ணியில் கடினத்தன்மை கூடுதல். அதில் உப்புக் கலவையைக் கரைத்தால் விகிதம் முதல் நாளே கெடும். வீட்டு ஆர்.ஓ. கருவி இருக்கிறதே என்றால், அதில் பெரும்பாலும் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்ற திருகு ஒன்று இருக்கும். குடிக்கச் சுவை வேண்டும் என்பதற்காக, வடிகட்டிய நீரோடு பச்சைத் தண்ணீரில் கொஞ்சத்தை அது திரும்பக் கலந்துவிடும். தொட்டிக்காரர் அதை மூட வேண்டும், மினரல் குப்பியையும் கழற்ற வேண்டும்.

இதற்குப் பிறகும் டிடிஎஸ் மீட்டரை நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. பேனா அளவிலான அந்த மீட்டர் நீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை மட்டும் பார்த்து ஓர் எண்ணைக் காட்டும். சிலிக்கா நீரில் சிலிசிக் அமிலமாகக் கரைந்திருக்கிறது. சாதாரண நீரில் அதற்கு மின்னூட்டம் கிடையாது. மீட்டர் அதைக் காணாது. ஆர்.ஓ.வுக்கு அடுத்து, எஞ்சிய அயனிகளைப் பிடிக்க வைக்கும் டி.ஐ. ரெசின் தீரும் தறுவாயில் முதலில் கைவிடுவதும் சிலிக்காவைத்தான். திரையில் பூச்சியம் இருக்கும். இரண்டு வாரத்தில் வெள்ளை மணலில் காப்பித்தூள் தூவியதுபோல் பழுப்பு படியும். அவை டயாட்டங்கள், சிலிக்காவால் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும் ஒற்றைச்செல் பாசிகள். புதுத் தொட்டியில் அவை வந்து தானே அடங்கும். அடங்காமல் திரும்பத் திரும்ப வந்தால், தவறு தொட்டியில் இல்லை, கலக்கும் நீரில்.

கலப்பதிலும் ஒரு முறை உண்டு. வாளியில் நீரை நிரப்பி, சிறு பம்பை ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். முதலில் பால்போல் கலங்கி, சில மணி நேரத்தில் தெளியும். மாறாக, உப்பைக் கொட்டிவிட்டு அதன்மேல் நீர் ஊற்றினால், அடியில் ஒரு கணம் கால்சியமும் கார்பனேட்டும் அடர்த்தியாகச் சந்தித்துச் சுண்ணாம்பாக இறுகிவிடும். அந்தக் கலங்கல் தெளியாது. ஈரம் உறிஞ்சும் உப்புகள் மூட்டையில் இருப்பதால் எடைக்கணக்கும் துல்லியமாக வராது. 35 எட்டுவதற்கு லிட்டருக்கு 38, 39 கிராம் போட நேரும். கடைசித் தீர்ப்பு ரிஃப்ராக்டோமீட்டருடையது. ஒரு துளி நீரைக் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுவே உப்பளவு. சித்திரை வெயிலில் தொட்டி வற்றும்போது உப்பு வெளியேறாது, நீர் மட்டும்தான் போகும். அதனால் வற்றியதற்கு உப்பில்லாத நீரைத்தான் ஊற்ற வேண்டும். பலரும் கலவை நீரையே ஊற்றி, மாதக் கடைசியில் மீன் ஏன் வாடுகிறது என்று விழிப்பார்கள்.

பழுப்புக்கு அடுத்துப் பச்சை. கல்லின்மேல் முடிமுடியாக வளரும் பாசியைப் பிடுங்கினால் மறு வாரம் வந்து நிற்கும். அதற்கு இரை, பாஸ்பேட்டும் நைட்ரேட்டும். ஒரு சிறு கணக்கு: மீன் தீவனத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கிராம் தீவனம் 30 மில்லிகிராம் பாஸ்பேட் ஆகும். 200 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம். பவளப்பாறைக் கடலில் இருப்பது இதில் சிறு பங்குதான். குழந்தை ஆசையாக இரண்டு சிட்டிகை கூடப் போட்டாலே போதும். கடலில் அது பெருநீரில் கரைந்துபோகும். தொட்டிக்குப் போக்கிடம் இல்லை.

பாசியே கூடாது என்று மருந்து தேடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். பவளம் உயிரோடிருப்பதே அதன் சதைக்குள் குடியிருக்கும் பாசி சமைத்துப் போடும் சோற்றில்தான். வெப்பம் தாங்காமல் அந்தப் பாசி வெளியேறினால் பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் அப்படி வெளுத்தது. (நம் கடலின் பவளத்தைத் தொட்டிக்கு எடுத்துவர நினைக்க வேண்டாம். 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.) நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூச்சியத்துக்குத் துடைத்தெடுத்த தொட்டிகளில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி படர்வதையும் அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். பச்சைக்குப் பயந்து பட்டினி போட்டால் அதைவிடப் பொல்லாதது வரும். விவரமானவர்கள் அடித்தொட்டியில் விளக்கு வைத்து, நூல்கண்டுபோல் சுருளும் கீட்டோமார்ஃபா பாசியை வளர்த்து, வாரம் ஒருமுறை அறுத்து வெளியே போடுகிறார்கள். பாஸ்பேட் அதோடு போய்விடும்.

பாசி பெருகும் இந்த நோய் கடலுக்கும் உண்டு. 1990களில் மண்டபம் பக்கம் வளர்ப்புக்கு வந்த கப்பாஃபைகஸ் என்ற பாசி, ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேரும் கராஜீனன் தருவது. 2008இல் அது குருசடைத் தீவுப் பவளங்களின்மேல் படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 2019இல் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகி மன்னார் வளைகுடாக் கடல் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. கடலில் வாளி எடுத்து நீர் மாற்ற முடியாது.

தொட்டியில் முடியும், மாற்றத்தான் வேண்டும். 200 லிட்டரில் வாரம் 20 லிட்டர் என்றால் 700 கிராம் உப்பு வெளியே போகிறது, ஆண்டுக்கு 36 கிலோ. அதை எங்கே ஊற்றுவது என்ற கேள்வி இந்த மாவட்டத்தில் சின்னக் கேள்வி இல்லை. சாயக் கழிவின் உப்பு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதும், பாசன நிலம் கெட்டதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் எல்லோரும் அறிந்ததே. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆர்.ஓ.வும் ஆவியாக்கிகளும் வைத்து உப்பை மீட்டுச் சாயத்துக்கே திருப்புகின்றன. வீட்டுத் தொட்டிக்கு அந்த வசதி கிடையாது. மல்லிகைப் பாத்தியில் ஊற்றினால் சோடியம் மண்ணை இறுக்கிச் செடியைக் காயவைக்கும். தென்னை குளோரைடைத் தாங்கும், கொஞ்சம் விரும்பவும் செய்யும். நாலு வாளி நல்ல தண்ணியில் கலந்து, வாரம் ஒரு மரமாக மாற்றி ஊற்றலாம். தோப்பு இல்லாதவர்கள் அகலமான பிளாஸ்டிக் தட்டில் மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, வாரிக் குப்பையில் சேர்ப்பதே மேல்.