கரையும் தையல்நூலுக்குள் ஒரு பெப்டைடு

ஆபரேஷன் முடிந்ததும் "தையல் பிரிக்க வேண்டாம், தானா கரைஞ்சிடும்" என்று டாக்டர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த நூலின் குடும்பத்தைச் சேர்ந்த பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமரோடுதான் நான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். லாக்டிக் அமிலத்தையும் கிளைகாலிக் அமிலத்தையும் கலந்து கோத்த சங்கிலி அது. உடம்பிலுள்ள தண்ணீரே அதைக் கண்ணி கண்ணியாக அறுத்துவிடும். மிஞ்சும் அமிலங்கள் உடலுக்குப் பழக்கமானவைதான்.

பெப்டைடு என்பது குட்டிப் புரதம். வாயில் போட்டால் செரித்துவிடும். ஊசியாகப் போட்டாலும் நிற்காது. 9 அமினோ அமிலங்கள் கொண்ட லூப்ரோலைடு ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 3 மணி நேரம்தான். புராஸ்டேட் புற்றுநோய்க்கு அதைத் தினமும் குத்த வேண்டியிருந்தது. ஜப்பானின் டகேடா நிறுவனம் அதையே பி.எல்.ஜி.ஏ. உருண்டைகளில் அடைத்தது. 1989-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு மாதம் ஒரே ஊசி!

அப்புறம் என்ன, பிரச்சினை தீர்ந்ததே என்பீர்கள். இல்லை. அவை மைக்ரோ உருண்டைகள். குத்திய இடத்திலேயே உட்கார்ந்து மருந்தைக் கசியவிடும். லூப்ரோலைடுக்கு அது போதும், ஏனென்றால் அது ஹார்மோனை அடக்கும் மருந்து. தேனீ விஷத்திலுள்ள மெலிட்டின் அப்படியல்ல. 26 அமினோ அமிலங்கள். செல்லின் சவ்வைக் கிழிக்கும். புற்றுநோய் செல், ரத்தச் சிவப்பணு என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. கட்டிக்குப் போன பிறகுதான் திறக்கணும். அதற்குத்தான் 100, 200 நானோமீட்டர் துகள்கள்.

செய்து பார்த்தால்தான் கஷ்டம் புரியும். பெப்டைடுக்குத் தண்ணீர்தான் பிடிக்கும், பாலிமருக்கு எண்ணெய் போன்ற கரைப்பான். தண்ணீர்த் துளியை அந்தக் கரைப்பானுக்குள்ளும், அதை மறுபடி தண்ணீருக்குள்ளும் கலக்கும்போதே பெப்டைடு வெளியே ஓடிவிடுகிறது. துகள் சின்னதாக ஆக, ஓடவேண்டிய தூரமும் குறைவு. என் முதல் முயற்சியில் உள்ளே போன கொஞ்சமும் மறுநாள் காலைக்குள் பெரும்பாலும் வெளியே வந்துவிட்டது. மெலிட்டின் ரத்தத்தில் அப்படிக் கொட்டினால் என்னாகும் என்று யோசியுங்கள்.

தப்பித்த துகள்களைக் கல்லீரலும் மண்ணீரலும் விழுங்கிவிடும். 2016-இல் டொரண்டோ ஆய்வாளர்கள் அதற்கு முந்தைய பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். செலுத்திய நானோதுகள்களில் கட்டியை அடைந்தது, இடைநிலை மதிப்பாக, 0.7 சதவீதம். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மெலிட்டினுக்கு நேர்மின்னூட்டம். அதனால் இப்போது முனையில் அமிலம் உள்ள, எதிர்மின்னூட்ட பி.எல்.ஜி.ஏ.வுக்கு மாறியிருக்கிறேன். இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, நிறையவே அடைகிறது. ஆனால் இப்போ வெளியே வரமாட்டேங்குது.