கட்டி எல்லாம் புற்று அல்ல!

டாக்டர் சீட்டில் உள்ள சொற்களுக்கு என்ன பொருள்?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். காயத்துக்குக் கட்டுப் போட அந்தத் துணி பல ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது.

ஊரார் காயத்துக்குத் துணி தரும் சீமையிலும், தன் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் வெளியே சொல்லக் கூசும் பெண்கள் உண்டு. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உண்டு. எந்த ஊரிலும் உண்டு.

வெட்கம் ஒரு காரணம். பயம் மற்றொரு காரணம். டாக்டர் எழுதித் தரும் சொற்கள் புரியாததால் பயம் இரட்டிப்பாகிறது.

இரண்டு வகைக் கட்டி

மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல.

சீட்டில் "பினைன்" என்று இருந்தால் அது சாதுவான கட்டி. வேறு உறுப்புக்குப் பரவாது. இளம் பெண்களுக்கு வரும் "பைப்ரோஅடினோமா" இந்த வகைதான். தொட்டால் கோலிக்குண்டு போல நழுவும்.

"மாலிக்னன்ட்" என்று இருந்தால் புற்று. பக்கத்துச் சதைக்குள் புகுந்து வளரும். கவனிக்காமல் விட்டால் மற்ற உறுப்புகளுக்கும் பரவும்.

"வலி இல்லையே" என்று சும்மா இருக்கக் கூடாது. புற்றுக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை!

சோதனைகள்

"மேமோகிராம்" என்பது மார்பை இரண்டு தட்டுகளுக்கு இடையே அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. சில விநாடிகள் சங்கடமாக இருக்கும். அவ்வளவுதான்.

"பயாப்சி" என்பது ஊசியால் கட்டியிலிருந்து துளி சதை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. புற்றா, இல்லையா என்று முடிவாகச் சொல்வது இதுதான். ஊசி குத்தினால் நோய் பரவும் என்பது வீண் பயம்.

ஸ்டேஜ் வேறு, கிரேடு வேறு

நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்வது "ஸ்டேஜ்". 1 என்றால் சிறு கட்டி. 4 என்றால் எலும்பு, ஈரல், நுரையீரல் போன்ற தூரத்து உறுப்புகளுக்குப் போய்விட்டது என்று பொருள்.

நோய் அணுக்கள் எவ்வளவு வேகமாக வளரக்கூடியவை என்பதைச் சொல்வது "கிரேடு". ஆகவே "கிரேடு 3" என்று பார்த்ததும் மூன்றாம் ஸ்டேஜ் என்று எண்ணிக் கலங்க வேண்டாம்.

"ஈ.ஆர். பாசிடிவ்" என்று இருந்தாலும் திடுக்கிட வேண்டாம். உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனால் அந்தப் புற்று வளர்கிறது என்பதே பொருள். அதைத் தடுக்க டமாக்சிபென் போன்ற மாத்திரைகள் உண்டு. இது ஒரு விதத்தில் நல்ல செய்தி!

எங்கே போவது?

30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகச் சோதனை இலவசம். மேல் சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும்.

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது.

மார்பில் புதிதாகக் கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளே இழுத்தல், காம்பில் ரத்தக் கசிவு — இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் சொல்லுங்கள். தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். சீட்டில் புரியாத சொல் இருந்தால், "இதற்கு என்ன பொருள்?" என்று அவரிடமே கேளுங்கள்.

கேட்பதில் வெட்கம் இல்லை. மறைப்பதில்தான் ஆபத்து!