பழைய பேக்கேஜை எப்போது தூக்கலாம்?

லினக்ஸில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் பேக்கேஜ் மேலாளரிடம் பெயரைச் சொன்னால் போதும். அதற்குத் தேவையான மற்றவற்றையும் சேர்த்தே கொண்டுவந்து நிறுவிவிடும். இந்தக் கிடங்கில் ஒன்றைச் சேர்ப்பது எளிது. பழசானதை வெளியே எடுப்பதுதான் சிக்கல். ஒரு தமிழ் உதாரணத்தோடு பார்ப்போம்.

யூனிகோட் பரவுவதற்கு முன் திஸ்கி, தாப், தாம், வானவில், பாமினி என்று ஆளுக்கொரு குறியீட்டு முறையில் தட்டிக்கொண்டிருந்தோம். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்ததே 2010 ஜூனில்தான். அதனால் கிள்ளையோ சிதம்பரமோ, எந்த ஊர் டிடிபி கடையின் பழைய சிடியை எடுத்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்த வகைக் கோப்புகள்தான். இன்றைய கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். படிக்க வேண்டுமென்றால் மாற்றி வேண்டும்.

இப்போது கிடங்குக்காரர் கண்ணால் ஒரு திஸ்கி மாற்றியைப் பாருங்கள். பயன்படுத்துபவர் சொற்பம். பல வருடமாகப் புதுப் பதிப்பு இல்லை. பராமரிப்பவரிடமிருந்து பதில் இல்லை. மூன்றும் "தூக்கிவிடு" என்றுதான் சொல்லும். ஆனால் திஸ்கி இனி மாறப்போவதில்லை. அப்புறம் அதன் மாற்றி மட்டும் எதற்கு மாற வேண்டும்? அது கைவிடப்பட்ட வேலை இல்லை, முடிந்துபோன வேலை.

அதற்காக அப்படியே விட்டுவிடவும் முடியாது. பேக்கேஜ் மாறாவிட்டாலும் அதன் அடியில் இருக்கும் தரை நகரும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்தது. 2023-இல் வந்த டெபியன் 12-இல் பைத்தான் 2 இல்லவே இல்லை. பைத்தான் 2 பைட்டையும் எழுத்தையும் கலந்து விட்டிருந்தது, 3 கறாராகப் பிரித்தது. இதில் நேரடியாக அடிவாங்கும் நிரல் எது? எழுத்துக் குறியீட்டை மாற்றும் நிரல்தான்.

சரி, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

என்பிஎம் பாடம் கற்றது 2016 மார்ச்சில். 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி பேக்கேஜை அதை எழுதியவர் நீக்கினார். அதை நம்பியிருந்த ஏராளமான திட்டங்கள் உடைந்தன, சில மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இன்று அங்கே வெளியிட்டு 72 மணி நேரம் கடந்துவிட்டால், வேறு பேக்கேஜ்கள் அதைச் சார்ந்திருக்கும்வரை எழுதியவராலேயே நீக்க முடியாது.

ஹோம்ப்ரூ படிப்படியாகப் போகும். முதலில் எச்சரிக்கை மட்டும், நிறுவ முடியும். அடுத்து நிறுவ முடியாது. அதற்கப்புறம்தான் நீக்கம். பைபிஐயில் ஒரு பதிப்பை 'யாங்க்' செய்தால் புதிதாக வருபவருக்கு அது கிடைக்காது. ஆனால் சரியாக அந்தப் பதிப்பு எண்ணையே குறிப்பிட்டுக் கேட்பவருக்குக் கிடைக்கும்.

டெபியன் வெளியீட்டிலிருந்து எடுத்துவிட்டாலும், ஸ்னாப்ஷாட் காப்பகத்தில் பழைய பிரதி இருக்கும். பெயர் மட்டும் மாறினால் பழைய பெயரில் ஒரு இடைக்கால பேக்கேஜ் வைத்துப் புதியதற்கு அனுப்பும். தமிழ் எழுத்துரு பேக்கேஜின் பெயர் 'டிடிஎஃப்' என்பதிலிருந்து 'ஃபான்ட்ஸ்' என்று மாறியபோது அப்படித்தான் நடந்தது.

இவற்றிலிருந்து எனக்குக் கிடைக்கும் விதி இது: கடை அலமாரியிலிருந்து எடுக்கலாம், கிடங்கிலிருந்து எடுக்கக் கூடாது. பாதுகாப்பு ஓட்டை உள்ளதை உடனே அலமாரியிலிருந்து இறக்கலாம், அதில் தயக்கமே வேண்டாம். மற்றவற்றுக்கு "கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்?" என்பது சரியான கேள்வி இல்லை. இன்னும் ஓடுகிறதா, யாராவது இதைச் சார்ந்திருக்கிறார்களா, இதே வேலையைச் செய்ய வேறொன்று இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மூன்றாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால், பதிவிறக்கம் மாதத்துக்குப் பத்தே என்றாலும் வைத்திருக்கத்தான் வேண்டும்.

நல்லவேளையாகத் தமிழுக்கு அந்த 'வேறொன்று' இருக்கிறது. லினக்ஸில் ஜிலிப்சியோடு வரும் ஐகான்வ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும். வானவில், பாமினி போன்றவற்றுக்கு ஓப்பன்-தமிழ் நூலகம் கைகொடுக்கும். கையில் பழைய கோப்பு இருந்தால் இப்போதே மாற்றி வையுங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள், மாற்றியில் பிழை இருந்தால் திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி.